எட்டு நானோமீட்டர் இசை

எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பள்ளம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். வெளிவிளிம்பில் தொடங்கி நடு லேபிள் வரை சுருண்டுகொண்டே போகும் அந்த ஒற்றைப் பள்ளத்தை நேராக நீட்ட முடிந்தால், இருபது நிமிடம் ஓடும் பக்கத்துக்கு ஏறக்குறைய 430 மீட்டர் வரும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற கணக்கில் தட்டு அதற்குள் 667 முறை சுற்றிவிடும். அத்தனை சுற்றும் சுமார் 86 மி.மீ. அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாகக் கிடைக்கும் இடம் 0.13 மி.மீ.தான்.

இசை இருப்பது அந்தப் பள்ளத்தின் சுவர்களில். நடுத்தர உரப்பில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று பதிவாகியிருந்தால், பள்ளம் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் நெளியும் தூரம் சுமார் 8 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 125இல் ஒரு பங்கு. அதே ஒலி 60 டெசிபல் தாழ்ந்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்கும்போது நெளிவும் ஆயிரத்தில் ஒரு பங்காகி 8 நானோமீட்டருக்கு வந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மிகக் குறுகிய அலைநீளமே 400 நானோமீட்டர் அளவு. அதில் ஐம்பதில் ஒரு பங்கு அசைவை ஒரு வைர முள் உணர்கிறது. தன்னைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிக்குள் இருக்கும் காந்தத்தை ஆட்டுகிறது. கம்பிச்சுருளில் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பெருக்கல் கணக்குத்தான்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், குறைந்த காசில் ரெக்கார்டு பிளேயரை மேம்படுத்துவது எப்படி என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை கிடைத்த மாதிரி. முள் படிக்காமல் விட்டதை அடுத்து வரும் எந்தக் கருவியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 1970களில் கிளாஸ்கோவிலிருந்து லின் நிறுவனத்தின் ஐவர் டீஃபென்புரூன் இதையே ஒரு கொள்கையாக முழங்கினார். அதுவரை ஸ்பீக்கருக்குத்தான் முதல் மரியாதை. அவரோ காசை முதலில் டர்ன்டேபிளில் போடு என்றார். வாதத்தில் நியாயம் இருந்தது. அவர் விற்றதும் விலை உயர்ந்த டர்ன்டேபிள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் கணக்கில் அவர் சொன்னது பாதி உண்மை. தீர்ப்பு எழுதப்படும் இடம் முள்ளும் பள்ளமும் தொடும் அந்தச் சில மைக்ரோமீட்டர்கள். அங்கே செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை.

முதல் வேலை தட்டைக் கழுவுவது. 8 நானோமீட்டரைப் படிக்கப்போகும் முள்ளுக்கு ஒரு தூசித்துகள் பாறை. தாத்தா பெட்டியிலிருந்து இறங்கிய எச்.எம்.வி. தட்டுகளின் மேல் தூசி மட்டும் இருக்காது. கைரேகை எண்ணெய் இருக்கும். கடலோர ஊர்களின் ஈரத்தில் அட்டை உறையிலிருந்து பரவிய பூஞ்சை வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்திருக்கும். பூஞ்சைக்குத் தீனி காகித உறைதான். தட்டைக் கழுவிவிட்டு அதே பழைய உறையில் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வரும். உள்ளுறையை மட்டும் மாற்றிவிட வேண்டும். அட்டையை எறியாதீர்கள், அதில்தான் பாட்டுப் பட்டியலும் படங்களும் இருக்கின்றன.

குழாய்த் தண்ணீர் கூடாது. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்தின் அடியில் தங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற கேனில் விற்கிறார்களே, அந்தத் தாது நீக்கிய தண்ணீர் போதும். அரை லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் பேட்டரித் தண்ணீரால் இன்னொரு முறை அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்தினால் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இது வினைல் தட்டுகளுக்கான முறை. 78 சுற்றுத் தட்டுகள் அரக்கிலிருந்து எடுத்த ஷெல்லாக்கால் ஆனவை. அவற்றின் மேல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவம் பட்டாலும் ஷெல்லாக் கரைந்துவிடும்.

கழுவிய தட்டைப் போட்டுக் கேட்டாலே பாதிப் பேருக்குப் புது பிளேயர் வாங்கும் ஆசை தணிந்துவிடும். தணியாதவர்களுக்கு அடுத்த வேலை, முள்ளின் அழுத்தம்.

முள் எவ்வளவு கனத்தோடு தட்டில் அமர வேண்டும் என்பதைக் கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் சொல்லியிருப்பார்கள். இன்று பரவலாகக் கிடைக்கும் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு அது 2 கிராம், 1.8 முதல் 2.2 வரை போகலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். கனம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்றொரு நம்பிக்கை பலரிடம் உண்டு. அது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

பலமாகப் பதிவான 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றில் பள்ளத்தின் பக்கவாட்டு வேகம் நொடிக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் நொடிக்குப் பத்தாயிரம் முறை இடமும் வலமும் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 600 மடங்கைத் தாண்டிவிடும். அந்தத் திருப்பத்தில் முள்ளைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பது இந்த இரண்டு கிராம் மட்டுமே. அழுத்தம் போதாவிட்டால் முள் ஒரு சுவரை விட்டு எகிறி, திரும்ப வந்து மோதும். மோதும் பொருள் வைரம், அடி வாங்குவது வினைல். ஒவ்வொரு மோதலும் தட்டில் நிரந்தர வடு. பழைய தட்டுகளில் பாடகி உச்சத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் கரகரவென்று கேட்குமே, அதில் பெரும்பகுதி முன்பு யாரோ தேய்ந்த முள்ளாலோ தவறான அழுத்தத்தாலோ கொடுத்த வடுதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நம் வீடுகளில் நடந்ததுதான். கீறல் விழுந்த ரெக்கார்டு ஒரே இடத்தில் நின்று பாடினால், முள்ளைச் சுமக்கும் கையான டோன்ஆர்மின் தலையில் ஒரு 25 பைசா காசை வைப்பார்கள். அந்தக் காசு இரண்டரை கிராமுக்குக் குறையாது. 2 கிராம் கேட்கும் முள்ளில் அதை ஏற்றினால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். இரண்டு கிராம் என்பதே சிறிய எண் அல்ல. முள் சுவரைத் தொடும் பரப்பு சதுர மைக்ரோமீட்டர்களில் அளக்கும் அளவு என்பதால், அந்தப் புள்ளியில் அழுத்தம் ஆயிரக்கணக்கான வளிமண்டலங்களைத் தொடுகிறது. வைரத்தைத் தவிர வேறொன்று வெகுநாள் தாக்குப்பிடிக்காது.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். தங்கம் நிறுக்கும் வகையைச் சேர்ந்த, 0.01 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, தட்டு இருக்கும் உயரத்தில்தான் அளக்க வேண்டும். உயரம் மாறினால் சில பிளேயர்களில் எண்ணும் மாறும். இன்னொன்று, தராசின் மேல்தகடு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுக்கும். முள்ளைத் தராசில் வைக்காமல் ஓரிரு மில்லிமீட்டர் மேலே நிறுத்திப் பாருங்கள். எண் அசைந்தால் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை உயரமாக வைத்து, பூஜ்யமாக்கி, அதன் மேல் முள்ளை இறக்கி அளக்கலாம். அழுத்தத்தை மாற்றத் திருகும், டோன்ஆர்மின் பின்முனையில் உள்ள எதிர் எடையில் அச்சிட்டிருக்கும் எண்ணைவிட இது நம்பகமானது.

அழுத்தத்துக்குப் பின் கோணம். தொழிற்சாலையில் மூலத்தட்டை வெட்டிய உளி, விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் வீட்டு டோன்ஆர்மோ ஒரு முனையில் கீல் போட்ட கை. அது வில்லாகத்தான் வளைந்து வரும். இந்த வேறுபாட்டை முழுக்க நீக்க முடியாது, குறைக்கலாம். 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் என இருவர் இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தலையைச் சற்று வளைத்து, முள்ளை மையத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி வைத்தால், தட்டின் மேல் இரண்டு இடங்களில் பிழை பூஜ்யமாகும். வழக்கமான கணக்கில் அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. தூரத்தில் விழும். மற்ற இடங்களில் பிழை பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் நிற்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு காகிதம் போதும். உங்கள் டோன்ஆர்முக்கான அளவுத்தாளை அச்சிட்டு, அதிலிருக்கும் கோட்டை முதலில் ஸ்கேலால் அளக்க வேண்டும். பிரின்டர்கள் சத்தமில்லாமல் இரண்டு மூன்று சதவீதம் சுருக்கிவிடும். நடு ஓட்டையை டர்ன்டேபிளின் அச்சில் செருகி, முள்ளை முதல் புள்ளியில் இறக்குங்கள். கார்ட்ரிட்ஜின் முன்முகம் மிகச் சிறியது, அது கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். மெக்கானிக்கல் பென்சிலின் 0.5 மி.மீ. லெட் குச்சி ஒன்றை அந்த முகத்தின் குறுக்கே துளி ஒட்டுக்களிமண்ணால் நிறுத்தினால், கோணம் பெரிதாகித் தெரியும். அரை டிகிரி கோணல்கூடத் தப்பாது. இரண்டாவது புள்ளியிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் சரியாக, மற்றதில் கோணலாக இருந்தால் கார்ட்ரிட்ஜை முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்தித் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதுதான். திருகாணியைத் தொடும்போதெல்லாம் முள்ளின் மேல் மூடி இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் நல்லது.

இவ்வளவு சிரமம் ஏன் என்றால், பக்கத்தின் கடைசிப் பாட்டுக்காக. வெளிவிளிம்பில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது சுற்றளவு சிறுத்து, வேகம் 21 செ.மீ.க்கு இறங்குகிறது. அதே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரோமீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்கும். உள்ளே 21 மைக்ரோமீட்டருக்குள் நெருங்கிவிடும். மேலே பார்த்த உரத்த ஒலியை எடுத்துக்கொண்டால், பள்ளத்தின் திருப்பங்களுக்கு வெளியே 41 மைக்ரோமீட்டர் வளைவு ஆரம் இருக்கும், உள்ளே 7 மைக்ரோமீட்டர்தான்.

இப்போது முள்ளின் வடிவத்துக்கு வருவோம். மலிவான பிளேயர்களில் வருவது கூம்பு முள். அதன் நுனி உருண்டை, ஆரம் 15 முதல் 18 மைக்ரோமீட்டர். 41 மைக்ரோமீட்டர் வளைவுக்குள் அது வசதியாக இறங்கும். 7 மைக்ரோமீட்டர் வளைவுக்குள் எப்படி இறங்கும்? லாரிச் சக்கரம் சின்னக் குழிகளில் இறங்காமல் மேலோடே உருண்டு போவதைப் போல, அந்த முள் நுணுக்கங்களின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கடைசிப் பாட்டில் ‘ஸ’ எல்லாம் ‘ஷ’வாகக் கேட்பதற்கும், ஜால்ரா மழுங்குவதற்கும் முதல் காரணம் இதுதான். முழு எல்.பி.யும் கேட்டு, தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் பலர் உண்மையில் கேட்பது தங்கள் முள்ளின் பருமனை.

நீள்வட்ட முள்ளில் பள்ளத்தின் சுவரைத் தொடும் பக்கம் 8 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் குறுகிவிடுகிறது. குறுக்கே பழைய 18 அப்படியே. அந்த இறுக்கமான திருப்பத்தை இது ஏறத்தாழப் பிடித்துவிடும். மைக்ரோலைன் என்னும் வடிவத்தில் அது 3 மைக்ரோமீட்டருக்கு இறங்குகிறது. உயரவாக்கில் நீண்டிருப்பதால் சுவரை ஒரு புள்ளியாகத் தொடாமல் கோடாகத் தொடுகிறது, ஆகவே அழுத்தமும் பரவுகிறது. மைக்ரோலைனுக்கு அண்ணன் முறை ஷிபாடா முள். 1970களின் தொடக்கத்தில் ஜே.வி.சி. நிறுவனம் ஒரே பள்ளத்தில் நான்கு சேனல் இசையை அடைக்க முயன்றது. அதற்கு 30,000 ஹெர்ட்ஸில் ஒரு ஊர்தி அலையைப் படிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்காக நோரியோ ஷிபாடா வகுத்த வடிவம் அது. நான்கு சேனல் தட்டுகள் சில ஆண்டுகளில் படுத்துவிட்டன, முள் மட்டும் பிழைத்துக்கொண்டது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜின் உடல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. முள் மட்டும் கையால் இழுத்தால் கழன்று வரும். கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாடா என எதை வேண்டுமானாலும் செருகலாம். பச்சை நிற நீள்வட்ட முள்ளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு நிற மைக்ரோலைனைப் பொருத்தினால், திருகாணியைத் தொடாமலே ஒரு படி ஏறிவிடலாம். மைக்ரோலைன் விலை நீள்வட்டத்தைப் போல மூன்று மடங்கு அளவில் இருக்கும். ஆனால் தயாரிப்பாளர் தரும் ஆயுள் கணக்கைப் பாருங்கள்: நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1,000 மணி நேரம். மணிக்கணக்கில் வகுத்தால் இரண்டும் ஒரே விலைதான். கையில் காசு இருக்கும்போது வாங்குவதா, பிறகு வாங்குவதா என்பது மட்டுமே கேள்வி. ஏற்கெனவே ஓடிய பழைய முள்ளை மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள். அதன் வயது உங்களுக்குத் தெரியாது, உங்கள் தட்டுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாப் பிளேயரிலும் இந்த வழி திறந்திருக்காது. ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ் போன்ற தானியங்கி பிளேயரில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, அழுத்தத்தையும் மாற்ற முடியாது. கூம்பு முள்ளுக்குப் பதில் நீள்வட்ட முள் போடலாம், அதோடு சரி. சூட்கேஸ் வடிவத்தில் அழகழகான நிறங்களில் விற்கும் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜும் 5 கிராம் அளவு அழுத்தமும் இருக்கும். அவற்றை மேம்படுத்த ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து பிரீஆம்ப். இதில் பணத்தைக் கொட்ட ஆசைகாட்டுவோர் அதிகம், ஆனால் கணக்கு நம் பக்கம். ஒலியை உள்ளபடியே பள்ளத்தில் வெட்டினால், 50 ஹெர்ட்ஸ் தாளம் ஒன்றுக்குப் பள்ளம் இருபுறமும் 159 மைக்ரோமீட்டர் ஆடும். பக்கத்துச் சுற்றோ 129 மைக்ரோமீட்டர் தூரத்தில். பள்ளத்துக்குள் பள்ளம் புகுந்துவிடும். எனவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். எவ்வளவு என்பதற்கு 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் ஒரு வளைவை வகுத்தது. உலகம் முழுக்க அதுவே நிலைத்தது. பிரீஆம்ப் செய்யும் வேலை அந்த வளைவைத் தலைகீழாகப் போட்டு, 4 மில்லிவோல்ட்டை நூறு மடங்காக்குவது. வளைவைத் துல்லியமாகத் தரும் மின்தடை, மின்தேக்கிக் கணக்கை 1979இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் ஒரே கட்டுரையில் தீர்த்து வைத்துவிட்டார். அதன் பிறகு நல்ல பிரீஆம்ப் செய்ய அறிவுதான் வேண்டும், தங்கப் பூச்சு வேண்டாம். சாலிடரிங் தெரிந்தவர் ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் என்.இ.5532 ஐ.சி.யும் ஒரு சதவீத ரெசிஸ்டர்களும் வாங்கித் தானே கட்டிக்கொள்ளலாம். தெரியாதவருக்கு மலிவு விலைப் பெட்டியே போதும். ஒன்றை மட்டும் பாருங்கள்: பிளேயருக்குள்ளேயே பிரீஆம்ப் இருந்து, அதை ஆம்பின் ‘ஃபோனோ’ துளையிலும் செருகினால் வளைவு இரண்டு முறை திரும்பி, ஒலி கும்மென்று அடைத்துப் போகும்.

கேபிள் விஷயத்தில் விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. விலை உயர உயர நல்லது என்பார்கள். இங்கே நல்லது என்பது குறுகியது. கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். விஎம்95இயின் சுருள் 550 மில்லிஹென்றி. கேபிளும் பிரீஆம்பும் சேர்ந்து 200 பைக்கோஃபாரட் கொடுத்தால் ஒத்ததிர்வு 15,000 ஹெர்ட்ஸில் விழும், பெரும்பாலான காதுகளுக்குத் தொந்தரவில்லை. கேபிளை நீட்டி 400 ஆக்கினால் அது 10,700க்கு இறங்கிவிடும். வயலின் கீச்சென்று ஒலிக்கும், அதற்கு மேலிருக்கும் ஒலிகள் மங்கும். ஒரு மீட்டருக்கு மிகாத சாதாரண கேபிள் போதும்.

வேகத்தைப் பார்க்கவும் காகிதம்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். 180 கோடுகள் கொண்ட வட்டத்தை அதன் கீழ் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். பல எல்.இ.டி. விளக்குகள் மினுக்குவதில்லை, அப்போது செல்போன் செயலி உதவும். தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுற்றினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். தம்புராவும் கூடவே ஏறுவதால் சுருதி விலகாது, ஆகவே காது லேசில் கண்டுபிடிக்காது. வேகம் குறைந்தாலோ தடுமாறினாலோ பெரும்பாலும் குற்றவாளி வெயிலில் தளர்ந்த ரப்பர் பெல்ட்தான், அதன் விலை அற்பம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் கதை வேறு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மோட்டார் மின்சாரத்தின் தாளத்துக்கே ஓடும் வகை என்றால், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், வேகத்தை மாற்றாது. இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், பாட்டு ஒன்றரைக் கட்டைக்கும் மேல் கீழே போய்விடும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைத்தால்தான் வழி.

தமிழ் வீடுகளில் இருக்கும் தட்டுகளுக்கென்றே ஒரு மேம்பாடு உண்டு, அதற்குச் செலவும் இல்லை. 1950, 60களின் திரைப்பாட்டுகளும் கச்சேரிகளும் பெரும்பாலும் மோனோவாகவே பதிவானவை. 1931இல் இ.எம்.ஐ.யின் ஆலன் புளூம்லைன் வகுத்த ஸ்டீரியோ முறையில் இரு சுவர்களும் 45 டிகிரி சாய்வில் தனித்தனி சேனல்கள். இரண்டுக்கும் பொதுவானது பக்கவாட்டு அசைவு, இரண்டின் வேறுபாடு மேல்கீழ் அசைவு. மோனோ தட்டின் இசை முழுக்கப் பக்கவாட்டில்தான் இருக்கிறது. மேல்கீழாக இருப்பதெல்லாம் தூசியும் தேய்மானமும். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு சேனலும் கூடி, அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். பழைய ஆம்புகளில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பொத்தானுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

78 சுற்றுத் தட்டுகளை எல்.பி. முள்ளில் போடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, முள் அடியில் கிடந்து குப்பையைத் துழாவும். மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள தனி முள் தேவை. விஎம்95 வரிசையில் அதற்கும் ஒன்று உண்டு.

பிளேயரை வைக்கும் இடத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே அதை வைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்குத் திரும்ப வரும். 8 நானோமீட்டரைக் கேட்கும் கருவி அதையும் பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் சுவரில் பொருத்தும் தனி அலமாரியை இதற்காகவே விற்கிறார்கள். நம் பழைய வீடுகளில் சுவரோடு பதித்த கடப்பா கல் அலமாரி ஏற்கெனவே இருக்கிறது. கனமானது, நடக்கும் அதிர்வு ஏறாது. அங்கிருக்கும் ஊறுகாய் ஜாடிகளை இடம் மாற்றினால் போதும்.

பேட்டரித் தண்ணீர், துணி, தராசு, அளவுத்தாள், பெல்ட் எல்லாம் சேர்ந்தும் புதிதாக இறக்குமதியாகும் ஒரு எல்.பி.யின் விலைக்குள் அடங்கிவிடும். மீதிப் பணம் முள்ளுக்கு. அதற்கு மேலும் மிச்சமிருந்தால் ஸ்பீக்கருக்கு. கேபிளுக்கும், தட்டின் மேல் வைக்கும் பளபளக் குமிழுக்கும், அதிர்வு தாங்கும் கூம்புகளுக்கும் எதுவும் ஒதுக்க வேண்டாம். புது முள் மாட்டிய தேதியைப் பிளேயரின் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். நீள்வட்ட முள்ளின் 300 மணி நேரம் என்பது இருபுறமும் சேர்த்து நாற்பது நிமிடம் ஓடும் எல்.பி.க்கள் 450. வாரத்துக்கு மூன்று எல்.பி. கேட்பவர் மூன்றாவது ஆண்டு முடியும் முன் முள்ளை மாற்றிவிட வேண்டும்.